பன்னிரண்டு டன்

ரவ்ன்சுந்த் பாலத்தின் மூன்றாம் தூணில்
படகைக் கட்டிவிட்டு
தூர்தீஸ் சுத்தியலால் தட்டுகிறாள்.
டங் என்றால் அடுத்த சாண்.
டொக் என்றால் சாக்பீஸால் ஒரு வட்டம்.
இரவு பதினொன்று. வெயில் இறங்கவில்லை.
நார்வேயின் வடகோடியில்
ஜூன் மாதத்துக்கு உறக்கம் கிடையாது.

காற்று மோதும் பக்கம் பரவாயில்லை,
மழை அவ்வப்போது கழுவிவிட்டுப் போகிறது.
ஒதுங்கிய பக்கம்தான் மோசம்.
நாற்பத்திரண்டு வருடத்து உப்பு அங்கே
கேட்பாரற்று உட்கார்ந்திருக்கிறது.

துளைக்கிறாள். சென்டிமீட்டருக்கு ஒரு பொட்டலம் தூள்,
நாட்டு மருந்துபோல மடித்து
ஒவ்வொன்றின் மேலும் ஆழத்தை எழுதுகிறாள்.
உடைத்த முகத்தில் திரவம் தெளித்ததும்
உள்பக்கம் சிவக்கிறது,
ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்ட மஞ்சள்போல.
(அவளுக்கு ஆரத்தி தெரியாது.
எனக்கு இந்தச் சிவப்பை வேறெப்படிச் சொல்வதென்று தெரியாது.)
காரம் உயிரோடிருக்கும் மட்டும் சிவப்பு.
வெளியோரம் அரை விரற்கடை
சாம்பல் சாம்பலாகவே இருந்துவிட்டது.
அதுவரைக்கும் காற்று வந்திருக்கிறது,
நாம் விடும் மூச்சிலும் இருக்கிற அதே கரிக்காற்று.

தனித்தனியாய் விசாரித்தால்
யாருமே பெரிய குற்றவாளி இல்லை.
வந்த உப்பில் ஒரு பங்கை சிமெண்ட் பிடித்து
தன் படிகங்களுக்குள் அடைத்துவைத்திருந்தது.
பல வருடம் தாங்கிய சிறை.
காற்று வந்து பூட்டைக் கரைத்தது.
விடுபட்ட உப்பு
வந்த வழியே திரும்பவில்லை.
இன்னும் உள்ளே நடந்தது,
கம்பி இருக்கும் திசைக்கு.

ஏணி ஏறி உத்தரத்தின் அடிவயிற்றுக்கு வருகிறாள்.
மேலே எய்லிஃபின் லாரி.
சால்மன் மீன், பனிக்கட்டி, எய்லிஃப்,
அவன் சத்தமாக வைத்திருக்கும் ரேடியோ.
பாலம் முதுகை வளைத்துக் கொடுக்கிறது.
விரிசல்மேல் பொருத்திய அளவியில்
முள் ஒரு முடியளவு நகர்கிறது.
லாரி போனதும் திரும்புகிறது,
புறப்பட்ட இடத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது.
திறந்த வாய்க்குக் கடல் ஒரு மிடறு ஊட்டியிருக்கும்.
நாளைக்கு ஆறு லாரி, வருடத்துக்கு...
பெருக்கத் தொடங்கியவள்
பாதியில் விட்டாள்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
உப்பைத் தின்ற கம்பி
இடம் கேட்கும்.
துரு, இரும்பைவிடப் பருமன்.
போர்த்தியிருக்கும் கான்கிரீட்டையே
தோளால் இடித்துத் தள்ளும்.

பதினாறாம் நாள் பலகை வந்தது.
பன்னிரண்டு டன்.
அதை நடும் குழியில் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தபோது
எய்லிஃப் வந்து நின்றான்.
"என் லாரி வெறுமனே பதினாலு."
"தெரியும்."
"சுற்றிப் போனால் நூற்று முப்பத்தேழு கிலோமீட்டர்."
"அதுவும் தெரியும்."
"நேற்றுகூடப் போனேனே, ஒன்றும் ஆகவில்லையே."
"ஆமாம், நேற்று ஆகவில்லை."

அவன் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம்.
போகாமல்,
அவள் புதுக் கான்கிரீட்டின்மேல் சாக்கு விரிப்பதைப் பார்த்து நின்றான்.
"எதற்கு?"
"ஒரு வாரம் ஈரமாக இருக்கணும். தண்ணீர் கேன் கரையிலேயே கிடக்கிறது."
லாரியின் பின்கதவுக்குப் போனான்.
உருகிய பனிநீர் ஒரு வாளி கொண்டுவந்தான்.
ஊற்றப் போனவன், நிறுத்தி,
விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.
"கரிக்கிறது."

வாளியை அப்படியே சாலையோரத்தில் கவிழ்த்தான்.
கதவில் சாய்ந்து உள்ளே கைவிட்டு
தன் குடிதண்ணீர்ப் புட்டியை எடுத்தான்.
சாக்கின் நான்கு மூலைக்கும் வரும்படி
சிக்கனமாக ஊற்றினான்.
அடியில் ஒரு வாய் மிச்சம்.
அதை அவளிடம் நீட்டினான்.

பிறகு அந்தக் குறுகிய சாலையில்
பின்னோக்கிப் பின்னோக்கி
ரொம்ப நேரம்
லாரியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.